ஊமை இலை

ஆய்வுக்கூடத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாரும் இல்லை. பேராசிரியர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் மூக்கக்கா. பார்க்கப்போனால் அது ஒன்றும் பிரமாதமான மூக்கில்லை. சின்னது, நுனியில் கொஞ்சம் சப்பை. ஆனால் சம்பளம் வாங்குவது அதுதான். மற்ற உறுப்புகளெல்லாம் அதைப் பத்திரமாகச் சுமந்து வந்து ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார வைப்பதற்காக ஏற்பட்டவை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வெங்காயமும் பூண்டும் நமக்குத் தெரியும். காட்டிலும் மலைச்சரிவிலும் கிடக்கிற அவற்றின் சொந்தபந்தம் நமக்குத் தெரியாது. யாரும் விதைக்காமல், தண்ணீர் விடாமல், தானாக முளைத்துத் தானாக அழிகிற பங்காளிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் நாற்பத்தொன்றைக் கூடத்தின் பின்புறப் பாத்திகளில் வளர்த்து, ஒவ்வொன்றுக்குள்ளும் என்னென்ன கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன, எது எப்படி மணக்கிறது என்று பட்டியல் போடுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலை முழுசாக இருக்கும்வரை வாசனை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சரக்கு ஒரு அறையில், அதை உடைக்கிற நொதி பக்கத்து அறையில், நடுவில் சுவர். பேச்சுவார்த்தை அறுந்துபோன அண்ணன் தம்பி மாதிரி. இலையைக் கசக்கினால் சுவர் இடியும், இரண்டும் கைகலக்கும். அந்தச் சண்டையின் நாற்றத்தைத்தான் நாம் பூண்டு வாசனை என்கிறோம்.

கசக்கிய இலையைக் குப்பியில் அடைத்து, மேலே தேங்கும் காற்றை ஊசியால் உறிஞ்சி மெஷினுக்குள் செலுத்துவார்கள். உள்ளே மயிரிழை போன்ற நீளக் குழாய் ஒன்று சுருண்டு கிடக்கிறது. வாசனைகள் அதற்குள் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். பாதி, திரையில் கோடு வரைகிற கருவிக்குப் போகும். மறுபாதி ஒரு கண்ணாடிப் புனல் வழியாக மூக்கக்காவிடம் வரும். இருபத்தைந்து நிமிடம் அவள் புனலில் குனிந்தபடியே இருப்பாள். வாசனை வந்ததும் பொத்தானை அழுத்திச் சொல்லவேண்டும். "அவிஞ்ச முட்டைக்கோஸ்." "பச்சைப் பூண்டு, தூக்கலா." "சுட்ட ரப்பர்." மெஷினுக்கு எட்டாததுகூட அவளுக்கு எட்டும். கோடு தட்டையாகக் கிடக்கும்போது, "ஏதோ வருது, தீக்குச்சி உரசின மாதிரி" என்பாள். பெருக்கிப் பார்த்தால் கடுகளவு மேடு ஒன்று அங்கே இருக்கும். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்.

அந்த மூக்கு செத்து ஏழு மாதம் ஆகிறது. அது அவளுக்கும், ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் ஒரு காது மூக்கு டாக்டருக்கும் மட்டுமே தெரியும்.

சாதாரணக் காய்ச்சல்தான். நாலு நாள் படுத்தாள், எழுந்தாள், வேலைக்குப் போனாள். புனலில் குனிந்தாள். ஒன்றும் வரவில்லை. மெஷின் பழுது என்று நினைத்துத் திரையை எட்டிப் பார்த்தாள். கோடு மலை மலையாக எழும்பிக்கொண்டிருந்தது. மெஷின் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவள் பயந்த பயத்தை எழுதி முடியாது. கழிப்பறைக்குப் போய்க் கிருமிநாசினிப் புட்டியைத் திறந்து மோந்தாள். கண் எரிந்தது, மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்குள்ளவரை சளி என்பார்கள். அவளுக்குச் சளி போய்விட்டது, கூடவே மூக்கும் போய்விட்டது.

"திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார் அந்த டாக்டர். இதைச் சொல்வதற்கு இத்தனை வருடம் படிக்கவேண்டுமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அவள் பஸ் ஏறினாள்.

அன்றைக்கே பேராசிரியரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை. அடுத்த புதுப்பிப்புக்கு இன்னும் சில மாதமே இருந்தது. ஆனால் வேலை போய்விடும் என்ற பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கல்யாணம் காட்சி இல்லை, வீடு வாசல் இல்லை, பேருக்குப் பின்னால் பட்டம் இல்லை. இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த மூக்கு ஒன்றுதான். அதுவும் இல்லையென்றால் மூக்கக்கா யார்?

ஏமாற்றுவது இத்தனை சுலபம் என்று அவளுக்கே முன்பு தெரியாது. வாசனைகள் எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும். நாலரை நிமிடத்தில் முட்டைக்கோஸ், பதினோராவது நிமிடத்தில் பச்சைப் பூண்டு, பதினாறில் ரப்பர். இருபத்திரண்டு வருடத்தில் அது அவளுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். எதிர்ச் சுவரில் கடிகாரம் தொங்கியது. அதைப் பார்த்துப் பார்த்துப் பொத்தானை அழுத்தினாள். நடுநடுவே ருசிக்கு உப்புப் போடுவதுபோல "லேசா" என்றும் "தூக்கலா" என்றும் சேர்த்துக்கொண்டாள். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பது கணக்கு. அவள் ஒரு நாளைக்கே ஒன்பது சொன்னாள். பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "உங்க மூக்குக்குக் கோயில் கட்டணும்" என்றார்.

தங்கையும் தங்கை புருஷனும் இருந்த ஐந்தாவது மாடி வீட்டில்தான் அவளும் இருந்தாள். தங்கை ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். "மேல போறவனையும் கீழ வர்றவனையும் ஒரே மாதிரி மதிக்கிற தொழில் அண்ணி இது" என்பார். அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று தங்கை சொல்லிப் பார்த்தாள். "உனக்கு அக்கா, எனக்கு அண்ணி" என்று முடித்துவிட்டார். கலகலப்பான மனிதர். சாப்பாட்டில் மட்டும் குழந்தை. ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மரச்சரிவில், குளிர் விட்டதும் காட்டுப்பூண்டு இலை பாய் விரித்தாற்போல முளைக்கும். வருடா வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையை எடுத்துக்கொண்டு போய்ப் பறித்து வருவார். அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, முட்டையில் போட்டுப் பொரித்து, ரொட்டியோடு சாப்பிடுவது அவருக்குத் திருவிழா.

அந்தச் சரிவில் இன்னொரு செடியும் முளைக்கும். இலை அச்சாக அதே மாதிரி இருக்கும். அதே பச்சை, அதே வழவழப்பு. ஆனால் பூண்டுக்கு அது உறவும் இல்லை, ஒட்டும் இல்லை. கசக்கினால் வாய் திறக்காது. பச்சைப் புல் வாசனையோடு நின்றுவிடும். கூடத்தில் அதற்கு ஊமை என்று பேர். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் மூக்கக்காதான் சொல்லி வைப்பாள். நாலைந்து இலை வயிற்றுக்குள் போனால் போதும், ஆள் பிழைப்பது கஷ்டம். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது.

ஆகவே வீட்டில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை பறித்து வருவார். மூக்கக்கா சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாக நுனியைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்ப்பாள். ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவே சோப்புப் போட்டு விரலைக் கழுவுவாள். "முதல் இலையைக் கசக்கினதுமே விரல் பூண்டாயிடும். அப்புறம் கல்லை மோந்தாலும் பூண்டுதான். இதுல ஏமாந்துதான் பாதிப் பேர் சாகறான்" என்பாள். அவள் சரி என்று ஒதுக்கிய பிறகுதான் இலை சட்டிக்குப் போகும். ஊமை வந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று வருடம் முன்பு ஒன்று வந்தது. கசக்கிய கையோடு குப்பையில் போட்டாள். அன்றைக்கு மாப்பிள்ளை அவளுக்கு சல்யூட் அடித்தார்.

இந்த வருடமும் அந்த ஞாயிறு வந்தது. மத்தியானம் மூன்று மணிக்குப் பை நிறைய இலையோடு வந்தார்.

"பாருங்க அண்ணி, இந்தத் தடவை சுத்தபத்தமா கொண்டாந்திருக்கேன். புதுக் கத்திரிக்கோல் வாங்கினேன். மண்ணு இல்ல, வேர் இல்ல, காம்பு இல்ல. இலை மட்டும்."

மேஜையில் கொட்டினார். அவள் ஒரு இலையை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். போன ஏழு மாதத்தில் இந்த ஞாயிற்றை அவள் நினைக்காமல் இருந்தாளா? நினைத்தாள். கண்ணால் பார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று தைரியமாகத்தான் இருந்தாள். காட்டுப்பூண்டு இலைக்குத் தனித்தனிக் காம்பு உண்டு. ஊமைக்குக் காம்பு கிடையாது. நாலைந்து இலை ஒரே தண்டைச் சுற்றிக்கொண்டு வரும். அடிப்பகுதியைப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். அந்த அடிப்பகுதியைத்தான் மனிதர் அக்கறையாக வெட்டிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"காம்போட பறிச்சிருக்கலாமே மாப்பிள்ளை" என்றாள்.

"எதுக்கு? உங்களுக்குக் காம்பு என்னத்துக்கு? உங்ககிட்டதான் மூக்கு இருக்கே!"

தங்கை அடுப்படியிலிருந்து சிரித்தாள். மூக்கக்காவும் சிரித்தாள்.

எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டிருக்கலாம். "நேத்து மழை பெஞ்சுது, பூச்சி வச்சிருக்கு, வேண்டாம்" என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஏழு மாதமாக எத்தனையோ பொய் சொன்னவளுக்கு அந்த ஒரு நல்ல பொய் நாக்கில் வரவில்லை. "ஏடி, இதையெல்லாம் கொஞ்சம் நீயும் மோந்து பாரேன்" என்று தங்கையைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பாள். ஆக உட்கார்ந்தாள். முதல் இலையைக் கசக்கினாள், மூக்குக்குக் கொண்டுபோனாள், தலையை ஆட்டினாள், ஓரமாக வைத்தாள். எழுந்து போய் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். இரண்டாவது இலை. மறுபடி சோப்பு. எண்பதுக்கு மேல் இலை இருந்தது. ஒன்றுகூட விடாமல் முறைப்படி செய்தாள். நிறம், நரம்பு, வளைவு என்று கண் என்னவெல்லாமோ தேடியது. சிலது கொஞ்சம் தடிப்பாக, விறைப்பாக இருந்ததுபோல் தோன்றியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சரிவு முழுக்கப் பூண்டு, ஊமை எங்கேயோ ஒரு மூலையில், அதுவும் இன்றைக்குப் பார்த்தா வரப்போகிறது என்று தன்னையே தேற்றிக்கொண்டு அதையும் நல்லதோடு வைத்தாள்.

"ஆச்சா அண்ணி? பசி உயிரு போகுது."

"ஆச்சு."

இரவுச் சாப்பாட்டில் அந்த முட்டையை அவர் ஒருவர்தான் சாப்பிட்டார். மறுநாள் காலையில் மூக்கக்காவுக்குப் புனல் வேலை இருந்தது. புனலில் உட்காருகிறவர்கள் முந்தின நாள் முழுக்கப் பூண்டோ வெங்காயமோ தொடக்கூடாது என்பது கூடத்தின் சட்டம். அந்தக் கந்தகம் ரத்தத்தில் ஏறி மூச்சில் ஒரு நாள் நிற்கும். மூக்கு இல்லாதவளுக்கு எதற்குச் சட்டம் என்று கேட்காதீர்கள். நடிப்பு என்றால் எல்லாவற்றையும் நடிக்கவேண்டும். தங்கைக்கும் அதே பாடுதான். "நான் இதைத் தின்னுட்டு நாளைக்குப் போய் வாயைத் திறங்கன்னா, முதல்ல நீ மூடும்மான்னு சொல்லுவாங்க" என்றாள்.

"ரெண்டு பேரும் விரதம் இருங்க. எனக்கு லாபம்" என்று மாப்பிள்ளை சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மூக்கக்காவுக்கு அங்கே உட்கார முடியவில்லை. குளித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோனாள். திரும்பி வந்தபோது தட்டு வழித்துத் துடைத்தாற்போல இருந்தது. அவர் பல்லைக் குத்திக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அவள் பெருமூச்சு விட்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் புனலில் குனிந்திருந்தபோது தங்கை போன் செய்தாள். விடியற்காலையிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு, நிற்கவே இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருக்கிறாள். மூக்கக்கா போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளைக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்துக் கிடந்தது. இளவயதுப் பெண் டாக்டர் ஒருத்தி அட்டையும் பேனாவுமாக நின்றாள்.

"நேத்து என்ன சாப்பிட்டாரு?"

"சரிவுல பறிச்ச பூண்டு இலை" என்றாள் தங்கை. "ஆனா அதுல ஒண்ணும் இருக்காது டாக்டர். எங்க அக்கா பார்த்துக் குடுத்தது. அவங்க அந்த ஆராய்ச்சியிலதான் இருக்காங்க. இந்த விஷயத்துல அவங்களை மிஞ்ச ஆள் கிடையாது."

டாக்டர் மூக்கக்கா பக்கம் திரும்பினாள். "அதே மாதிரி விஷ இலை ஒண்ணு இருக்குன்னு படிச்சிருக்கேன். கலந்திருக்க வாய்ப்பு இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதை வச்சுத்தான் நாங்க முடிவு பண்ணணும்."

தங்கை அக்காவைப் பார்த்தாள். மாப்பிள்ளைகூடக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஒவ்வொரு இலையா மோந்து பார்த்தேன் டாக்டர்" என்றாள். "எல்லாம் பூண்டுதான்."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். கெட்டுப்போன முட்டையாக இருக்கும் என்று பேச்சுப் போயிற்று. முட்டைமேல் பழி போட்டுவிட்டு எல்லாரும் வார்டுக்கு நகர்ந்தார்கள்.

அன்று ராத்திரி மூக்கக்கா தூங்கவில்லை. பறித்ததில் மிச்சம் ஒரு பிடி இலை ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். மூக்குக்குத் தெரியாவிட்டால் என்ன, மெஷினுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையே இந்த யோசனை வந்திருக்கவேண்டும். ஒவ்வொரு இலையாகக் குப்பியில் போட்டுக் கசக்கி மூடினாள். முதல் குப்பி. புனல் பக்கம் போகாமல் திரைக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். நாலரையில் ஒரு மேடு, பதினோராவது நிமிடத்தில் செங்குத்தாக ஒரு மலை. பூண்டு. இரண்டாவதிலும் அதே மலை, மூன்றாவதிலும் அதே மலை. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது. வீணாகப் பயந்தேன், முட்டைதான், சனியன் பிடித்த முட்டை.

நாலாவது குப்பியில் பதினோராவது நிமிடம் வந்தது, போனது. கோடு எழும்பவில்லை. பன்னிரண்டு, பதினாறு, இருபது என்று நிமிடம் ஓடிற்று. துளி கந்தகம் இல்லை. ஊசி அடைத்துக்கொண்டதோ என்று துடைத்துவிட்டு அதே குப்பியை மறுபடி ஓட்டினாள். மறுபடியும் தட்டை. அடுத்த இலையும் தட்டை. மத்தியானம் ஒரு மணிக்கு அவள் அந்தத் தட்டைக் கோட்டைத் தாளில் அச்செடுத்து நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மிச்சத்திலேயே இரண்டு என்றால் சட்டிக்குள் எத்தனை போயிருக்கும் என்ற கணக்கைப் போட அவளுக்குத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஓடித்தான் போனாள். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனாள். போய்ப் பார்த்தால் மாப்பிள்ளை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாந்தி நின்றிருந்தது. தங்கை ரொட்டியைப் பாலில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி" என்றார் ஈனக் குரலில். "ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. கயிறு அறுந்துடல. இறங்கிடுவேன்."

"நாளைக்கு ரத்தம் பார்த்துட்டு, சரியா இருந்தா வீட்டுக்கு அனுப்பிடலாம்னு டாக்டர் சொன்னாங்கக்கா" என்றாள் தங்கை. அவள் முகத்தில் இரண்டு நாளுக்குப் பிறகு உயிர் வந்திருந்தது.

அந்த விஷம் முதலில் வயிற்றைப் புரட்டும், பிறகு ஒரு நாள் விட்டுப் பிடிக்கும், ஆள் தேறிவிட்டதுபோல இருக்கும், அதற்குப் பிறகுதான் உள்ளே ஒவ்வொன்றாக நிற்கும். இது மூக்கக்காவுக்குத் தெரியாதா? புது ஆட்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். தெரிந்தும், அந்த ரொட்டித் துண்டு அவர் வாய்க்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிழைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சமாகத்தான் தின்றிருப்பார், உடம்பு தாங்கிவிட்டது, நாளைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். ஆசை அவளுக்கு அப்படிக் கண்ணைக் கட்டியது. டாக்டர் வராந்தாவில் இரண்டு தடவை அவளைக் கடந்து போனாள். இரண்டு தடவையும் மூக்கக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். இதற்கு மன்னிப்பு உண்டா என்று கேட்டால், கதை சொல்கிற எனக்கே தெரியவில்லை.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. எட்டு மணிக்கு சிறுநீர் நின்றது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் அவள் டாக்டரின் கையைப் பிடித்து இழுத்துத் தாளை நீட்டினாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

டாக்டர் தாளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "எல்லாத்தையும் மோந்து பார்த்தேன்னு சொன்னீங்களே."

"தப்பிப் போயிருக்கும்."

"இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"நேத்து மத்தியானம்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இதுக்கு மாத்து மருந்து எங்ககிட்ட கிடையாது" என்றாள். "ஆனா திங்கக்கிழமையே சொல்லியிருந்தா, உள்ள இருந்த விஷத்துல கொஞ்சமாவது வெளிய எடுத்திருக்கலாம். நேத்து சொல்லியிருந்தாலும் வார்டுல விட்டுருக்க மாட்டோம். பிழைச்சிருப்பாருன்னு நான் சொல்லலை. முயற்சி பண்ணிப் பார்த்திருக்கலாம்." அதற்கு மேல் அவளோடு பேச நேரமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் செத்துப்போனார். நாற்பத்தாறு வயது.

வந்தவர்கள் எல்லாரும் மூக்கக்காவைத்தான் தேற்றினார்கள். அதுதான் கொடுமை. இலை மாறிவிட்டது என்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பேராசிரியர் வந்து, "யானைக்கும் அடி சறுக்கும். நீங்க மனசை விட்டுடாதீங்க. எத்தனை நாள் வேணும்னாலும் லீவு எடுத்துக்கங்க" என்றார். தங்கை தன் துக்கத்துக்கு நடுவே அக்காவின் தலையைத் தடவினாள். "எண்பது இலையில ஒண்ணு ரெண்டு தப்பும்க்கா. நீ வேணும்னா பண்ணினே? விடு" என்றாள். மூக்கக்கா அந்தக் கைக்கு அடியில் கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்தாள். பேசினால் தங்கையும் போய்விடுவாள். உலகத்தில் அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒருத்திதான். அதனால் பேசவில்லை.

எல்லாரும் போன பிறகு, அடுத்த வியாழக்கிழமை மத்தியானம், தங்கை உள்ளறையில் துணிகளை ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள். சத்தமே வரவில்லையே என்று மூக்கக்கா எட்டிப் பார்த்தாள். தங்கை கட்டில் விளிம்பில் அவருடைய நீல வேலைச் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோய்க்காத சட்டை.

"இங்க வாக்கா" என்றாள். "காலர்ல இன்னும் இருக்கு. கிரீஸு, அந்தச் சோப்பு, அப்புறம் அவரோடது. எனக்குத் தெரியுது. ஆனா எனக்கு மட்டும் அப்படித் தோணுதோன்னு பயமா இருக்கு. நீ மோந்து சொல்லு. உன் மூக்குக்குத் தெரிஞ்சா நிஜம்."

மூக்கக்கா சட்டையை வாங்கினாள். முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள். துணியின் சொரசொரப்பு கன்னத்தில் உரசியது. காலர் மடிப்பில் எண்ணெய்க் கறை கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். என்ன சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தங்கையே வரிசையாக எடுத்துக் கொடுத்துவிட்டாள். கிரீஸ், லேசா. சோப்பு, தூக்கலா. பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. வாயைத் திறந்தாள். இந்த ஒரு பொய் வரவில்லை.

"எனக்கு எதுவும் தெரியலைடி."

தங்கை முகம் சுருங்கியது. "போயிடுச்சா? அதுக்குள்ளயா?"

"சட்டையில இருக்கும். எனக்குத்தான் மூக்கு இல்லை."

"அழுது அழுது அடைச்சிருக்கும்க்கா."

"அடைக்கலை. இல்லவே இல்லை. போன வருஷம் காய்ச்சல் வந்துச்சில்ல, அப்பவே போயிடுச்சு. யாருகிட்டயும் சொல்லலை."

தங்கை விரல்விட்டு மாதத்தை எண்ணினாள்.

"அப்ப அன்னிக்கு, மேஜையில?"

"அன்னிக்கும் இல்லை."

"ஒவ்வொரு இலையா கையைக் கழுவிக் கழுவிப் பார்த்தியே."

"ஆமா."

"ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாங்களே."

"அப்பவும் பொய்தான் சொன்னேன்."

செவ்வாய்க்கிழமையைப் பற்றியும் சொன்னாள். கைப்பையில் இருந்த தாளைப் பற்றி, ரொட்டி ஊட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பற்றி, ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சொன்னாள். தங்கை கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடிக்கவேண்டும் என்று ஏங்கினாள். தங்கை அவள் கையிலிருந்து சட்டையை மெதுவாக உருவிக்கொண்டாள். மடியில் வைத்து நீவி மடித்தாள். அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து, சட்டையை உள்ளே வைத்து, காற்றை அழுத்தி வெளியே விட்டு, வாயை முறுக்கி முடிச்சுப் போட்டாள். ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொன்று. பையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள்.

"அன்னிக்கு நீ குளிக்கப் போயிட்டே. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு அவரு நிறுத்தினாரு. என்னடி இது, எப்பவும் வர்ற பூண்டு வாசம் இல்லை, புல்லைக் கலந்து தின்ன மாதிரி இருக்குன்னு தட்டைத் தள்ளி வச்சாரு."

தங்கை முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

"நான்தான் சொன்னேன். அக்கா ஒவ்வொண்ணா மோந்து பார்த்துக் குடுத்திருக்கா, அவ மூக்கை விடவா உங்க மூக்கு பெருசு, பேசாம சாப்பிடுங்கன்னு நான்தான் சொன்னேன். சரிதான்னு சிரிச்சுட்டு, தட்டைத் திரும்ப இழுத்துச் சாப்பிட்டாரு."